ஓட்டச் சுகமான வண்டிகள்: லக்ஷ்மிபாய் நகரின் கார் வரலாறு

இந்தியாவில் ஓட்டச் சுகமான கார் எது என்ற கேள்விக்கு மகாராஜாக்களின் கார் கொட்டகைகளில் விடை கிடைக்காது. அங்கே நின்ற ரோல்ஸ் ராய்ஸ்களைப் பெரும்பாலும் சம்பளத்துக்கு அமர்ந்த ஓட்டுநர்களே ஓட்டினார்கள். சொந்தக்காரர் பின்னிருக்கையில் சாய்ந்திருந்தார். கடன் வாங்கி, வரிசையில் காத்துக் கிடந்து, கைக்கு வந்த வண்டியைத் தாமே ஓட்டியவர்கள் மாதச் சம்பளக்காரர்கள்தான். தெற்குத் தில்லியின் லக்ஷ்மிபாய் நகர் அவர்களுடைய ஊர்.

ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கும் சரோஜினி நகருக்கும் நடுவே, ஜான்சி ராணியின் பெயரைத் தாங்கி நிற்கும் இந்தக் குடியிருப்பு மத்திய அரசு ஊழியர்களுக்காகக் கட்டப்பட்டது. விடுதலைக்குப் பின் அமைச்சகங்கள் பெருகின. எழுத்தர், சுருக்கெழுத்தர், பிரிவு அலுவலர் என்று நாட்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கு இடம் கொடுக்கவே இதுவும், பக்கத்து நேதாஜி நகர், நௌரோஜி நகர், கித்வாய் நகர் ஆகியவையும் எழுந்தன. வந்தவர்களில் தமிழர்களும் கணிசமானவர்கள். தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் பள்ளிகளில் ஒன்று லக்ஷ்மிபாய் நகரிலேயே இருக்கிறது. குடியிருப்பைத் திட்டமிட்டவர்கள் இங்கே வருகிறவர் காரில் வருவார் என்று கணக்குப் போடவில்லை. சைக்கிளுக்கும், பிற்பாடு ஸ்கூட்டருக்கும் போதுமான இடம் இருந்தது. அலுவலகத்துக்குப் பேருந்து இருந்தது. கார் என்பது மேலதிகாரியை ஏற்றிப் போக வரும் ஒன்று.

அந்தக் காலத்தில் வாங்கக் கிடைத்த கார்கள் மூன்றே மூன்று. அதற்கும் காரணம் அரசின் கொள்கைதான். 1953-இல் கட்டண ஆணையம், பாகங்களை இறக்கிப் பொருத்தி விற்பதோடு நின்றுவிடும் நிறுவனங்களுக்கு இனி இடமில்லை, உள்நாட்டிலேயே படிப்படியாக உற்பத்தி செய்யத் திட்டம் உள்ளவர்கள் மட்டும் தொடரலாம் என்று பரிந்துரைத்தது. பம்பாயில் 1928 முதல் கார் பொருத்திவந்த ஜெனரல் மோட்டார்ஸ் மூட்டை கட்டியது; ஃபோர்டும் போனது. கார் தயாரிக்க மிஞ்சியவை கல்கத்தா அருகே உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாய் குர்லாவில் பிரீமியர், சென்னைக்குத் தெற்கே பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு. அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு என்ற மூன்று பெயர்களே வெகுகாலம் இந்தியரின் கார் உலகமாக இருந்தன.

அந்த மூன்றில் ஒன்றை வாங்குவதும் சாதாரணக் காரியம் அல்ல. விலையை அரசு கட்டுப்படுத்தியது, உற்பத்தியோ தேவைக்கு எட்டவில்லை. ஃபியட்டுக்குப் பதிவு செய்தவர் பல ஆண்டுகள் காத்திருந்தார். அரசு ஊழியர் என்றால் இன்னும் சில படிகள் உண்டு. குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட அசையும் சொத்தை வாங்கினாலோ விற்றாலோ மேலிடத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகளின் 18-ஆவது விதி. கையில் பணம் இல்லாதவருக்கு மோட்டார் கார் முன்பணம் என்ற கடன் இருந்தது. இருநூறு மாதத் தவணை வரை சம்பளத்தில் பிடிப்பார்கள். கடன் தீரும்வரை வண்டி இந்தியக் குடியரசுத் தலைவர் பெயருக்கு அடமானத்தில் இருக்கும். ஒரு பிரிவு அலுவலரின் ஃபியட் மீது ராஷ்டிரபதி பவனுக்கு உரிமை இருந்தது என்பது கேட்க வேடிக்கைதான். பத்திரத்தில் இருந்த வாசகம் அதுதான். ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு, 2016-இல், இந்த முன்பணம் நிறுத்தப்பட்டது.

பிரதமரே கடன் வாங்கித்தான் கார் வாங்கினார். லால் பகதூர் சாஸ்திரி வாங்கிய 1964-ஆம் ஆண்டு ஃபியட்டின் விலை 12,000 ரூபாய். குடும்பத்திடம் 7,000 ரூபாய்தான் இருந்தது. மீதி 5,000 ரூபாயைப் பஞ்சாப் நேஷனல் வங்கியில் கடனாக வாங்கினார். 1966 ஜனவரியில் தாஷ்கண்டில் அவர் இறந்தபோது கடன் தீர்ந்திருக்கவில்லை. மனைவி லலிதா சாஸ்திரி தம் ஓய்வூதியத்திலிருந்து அடைத்தார். அந்த வெளிர் நிற வண்டியைத் தில்லியில் அவருடைய நினைவகத்தில் இன்றும் பார்க்கலாம்.

லக்ஷ்மிபாய் நகர்க்காரர் முதலில் ஏறி உட்கார்ந்த கார் பெரும்பாலும் அம்பாசடராக இருந்திருக்கும். ஏனென்றால் அரசின் ஸ்டாஃப் கார் அதுதான். பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையை அச்சுகளோடு வாங்கி வந்து, 1957 வாக்கில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரிக்கத் தொடங்கிய வண்டி. மூலத்தை ஆங்கிலேயர் இரண்டு மூன்று ஆண்டுகளில் கைவிட்டார்கள். இந்தியா 2014 மே மாதம்வரை விடவில்லை. அகலமான ஒரே நீள இருக்கை, ஸ்டீயரிங் தண்டோடு ஒட்டிய கியர், கையால் உருட்ட வலு கேட்கும் பெரிய சக்கரம், 1,489 சி.சி. எஞ்சின். இன்றைய ஓட்டுநரை அதில் உட்கார வைத்தால் முதல் திருப்பத்திலேயே வியர்த்துவிடும். ஆனால் அதன் சுகம் வேறு இடத்தில் இருந்தது. முன்பக்கம் முறுக்குக் கம்பி, பின்பக்கம் இலைப் பட்டை என்று அமைந்த சஸ்பென்ஷன் எந்தப் பள்ளத்தையும் விழுங்கும். வேகம் பிடித்துவிட்டால் நெடுஞ்சாலையில் அசையாமல் போகும். பழுதானால் மதுரா சாலையோர மரத்தடி மெக்கானிக்கே போதும், ஒரு ஸ்பானரும் ஒரு சுத்தியலும் அவர் கையில் இருந்தால். நீண்ட பயணத்தில் ஓட்டுபவர் பதற்றப்படாமல் இருப்பதும் ஓட்டச் சுகத்தின் ஒரு பகுதிதான்.

அந்தச் சுகத்தை அனுபவித்தவர் யார் என்பது வேறு கேள்வி. ஸ்டாஃப் காருக்கு லாக் புத்தகம் உண்டு, எத்தனை கிலோமீட்டர், எதற்காக என்று எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். சக்கரத்துக்குப் பின்னால் இருந்தவர் அரசு ஓட்டுநர். பதவி உயர்ந்தவர் பின்னிருக்கையைப் பெற்றார். ஓட்டும் மகிழ்ச்சி அவருக்குக் கீழே இருந்தவரிடமே தங்கியது. அம்பாசடரிலேயே மிக விறுவிறுப்பானது 1990-களின் முற்பகுதியில் வந்த 1800 ஐ.எஸ்.இசட், ஜப்பானின் இசுசூ எஞ்சினும் ஐந்து கியரும் பொருத்தப்பட்டது. பழைய உடலுக்குள் புதிய இதயம் வைத்த அந்த வண்டிக்கு அன்றைய சாலையில் பிக்கப்பில் ஈடு கொடுத்தவை குறைவு. நிறுத்தும் திறன் மட்டும் அதே அளவுக்கு வளரவில்லை என்பதை ஓட்டியவர்கள் சீக்கிரமே புரிந்துகொண்டார்கள்.

சொந்தமாக ஓட்ட ஆசைப்பட்டவரின் வண்டி ஃபியட். இத்தாலியில் தாந்தே ஜியகோசா வடிவமைத்த 1100, அம்பாசடரைவிடச் சிறியது, எடை குறைந்தது, 1,089 சி.சி. எஞ்சின் விருட்டென்று சுழலக் கூடியது. முன்கதவுகள் பின்பக்கக் கீலில் திறந்த பழைய மாதிரியை பம்பாயில் ‘டுக்கர்’ என்று செல்லமாக அழைத்தார்கள். மராத்தியில் பன்றி என்று பொருள். 1964-இல் வந்த 1100 டி தான் பெரும்பாலோர் மனதில் இருக்கும் ஃபியட். அதுவே 1970-களில் பிரீமியர் பிரசிடென்ட் என்றும் பிறகு பத்மினி என்றும் பெயர் மாறி, நூற்றாண்டின் முடிவுவரை ஓடியது. அதிலும் கியர் ஸ்டீயரிங் தண்டில்தான். ஆனால் பழகிய கைக்கு அது விரல் நுனியில் நகரும். கியரைச் சத்தமில்லாமல் மாற்றுவதே ஒரு தேர்ச்சி. முன்கண்ணாடிக்குப் பக்கத்தில் திருப்பித் திறக்கும் முக்கோணக் கண்ணாடி, தில்லியின் மே மாத வெயிலில் காற்றை நேராக முகத்தில் அடிக்கும். ஏ.சி. இல்லாத காலத்தில் அதைவிடப் பெரிய வசதி வேறில்லை.

இந்த இரண்டுக்கும் எதிரி தில்லியின் குளிர்காலம். ஜனவரிக் காலையில் வெப்பநிலை நான்கைந்து டிகிரிக்கு இறங்கும்போது கார்புரேட்டரில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. சோக்கை இழுத்து, கொஞ்சம் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க வேண்டும்; அளவு தெரியாமல் மிதித்தால் எஞ்சின் ‘ஓவர்ஃப்ளோ’ ஆகி, பிறகு பத்து நிமிடம் காத்திருந்து மறுபடி முயல வேண்டும். பேட்டரியும் இறங்கிவிட்டால் தள்ளு ஸ்டார்ட்தான். பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர்கள் ஸ்வெட்டரும் மஃப்ளருமாக வந்து தோள் கொடுப்பார்கள். ஆகவே, அந்தத் தலைமுறைக்குச் சுகமான கார் என்பதன் முதல் இலக்கணம் வேகமோ வளைவில் நிலைத்தலோ அல்ல. சாவியைத் திருப்பியதும் கிளம்புவது.

மூன்றாவது வண்டி சென்னைக்காரர்களுடையது. பிரிட்டனில் 1959-இல் வந்த டிரையம்ஃப் ஹெரால்டை ஸ்டாண்டர்டு நிறுவனம் 1961 முதல் இங்கே செய்தது. இத்தாலியர் ஜியோவானி மிக்கெலோட்டி வரைந்த கோடுகள். அம்பாசடருக்கும் ஃபியட்டுக்கும் பக்கத்தில் நிறுத்தினால் நவநாகரிகமாகத் தெரியும். பானெட் மட்டும் தனியாகத் திறக்காது, இரு பக்க மட்கார்டுகளோடு சேர்ந்து முழு மூக்குமே முன்னால் கவிழும். எஞ்சினைச் சுற்றி நின்று வேலை பார்க்கலாம். நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனி சஸ்பென்ஷன். இவை எல்லாவற்றையும்விட ஓட்டியவர்கள் சிலாகித்தது அதன் திரும்பும் வட்டம்: 25 அடி. குடியிருப்பின் குறுகிய சந்துகளில் அம்பாசடர் மூன்று முறை முன்னும் பின்னும் போய்த் திரும்ப வேண்டிய இடத்தில் ஹெரால்டு ஒரே வீச்சில் திரும்பிவிடும். குறையும் அதே அமைப்பில்தான் இருந்தது. வேகமான வளைவில் பாதியில் ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின்சக்கரம் உள்பக்கமாக மடிந்து வண்டி துள்ளும். 948 சி.சி. எஞ்சினுக்குக் குடும்பத்தையும் சாமானையும் இழுப்பது பாரம். இந்தியாவுக்கென்று நான்கு கதவு மாதிரி செய்தார்கள், 1972-இல் பின்சஸ்பென்ஷனை மாற்றி கெஸல் என்று பெயரிட்டார்கள். 1970-களின் இறுதிக்குள் கார் உற்பத்தி நின்றது. நியாயமான காலத்தில் நியாயமான முதலீடு கிடைத்திருந்தால் சென்னையின் முதல் ஓட்டச் சுகமான கார் அதுவாகவே இருந்திருக்கும்.

இந்த மூன்று வண்டிகளின் ஆட்சி முடிவுக்கு வந்த கதையில் லக்ஷ்மிபாய் நகரின் அக்கம்பக்கத்துக்கும் ஒரு பங்கு உண்டு. குடியிருப்புக்கு அருகே சப்தர்ஜங் விமானத் தளம் இருக்கிறது. 1980 ஜூன் 23 அன்று காலை அங்கிருந்து கிளம்பிய சிறிய பிட்ஸ் விமானம் விழுந்து, பிரதமர் இந்திரா காந்தியின் மகன் சஞ்சய் காந்தி இறந்தார். இந்தியர் வாங்கக்கூடிய சிறிய காரைச் செய்வேன் என்று 1971-இல் மாருதி நிறுவனத்தைத் தொடங்கியவர் அவர். குர்கானில் தொழிற்சாலை எழுந்தது, கார் எழவில்லை. அவர் இறந்த பின் அந்த நிறுவனத்தை அரசு எடுத்துக்கொண்டு, 1981-இல் மாருதி உத்யோக் என்று புதிதாக நிறுவியது. அதை நடத்த வந்தவர் வெ. கிருஷ்ணமூர்த்தி. தஞ்சை மாவட்டம் கருவேலியில் 1925-இல் பிறந்து, மின்வாரியத்தில் பணி தொடங்கி, திருச்சி பெல் ஆலையை வளர்த்து, தில்லியில் செயலாளர் பதவிவரை உயர்ந்தவர். தமிழகத்திலிருந்து வந்து அரசுக் கோப்புகளோடு வாழ்ந்த தலைமுறையைச் சேர்ந்த ஒருவர்தான் இந்தியர் ஓட்டும் காரின் தன்மையை மாற்றினார். அவரோடு ஆர்.சி. பார்கவா என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி. ஐரோப்பிய நிறுவனங்களோடும் பேசிப் பார்த்து, கடைசியில் ஜப்பானின் சுசுகியைத் தேர்ந்தார்கள். 1982 அக்டோபர் 2-இல் ஒப்பந்தம் கையெழுத்தானது.

பதிவு திறந்தபோது பத்தாயிரம் ரூபாய் வைப்புத்தொகை கட்டி ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வரிசையில் நின்றார்கள். 1983 டிசம்பர் 14, சஞ்சய் காந்தியின் பிறந்தநாள். அன்று, குலுக்கலில் முதல் இடம் பெற்ற ஒரு இந்தியன் ஏர்லைன்ஸ் ஊழியருக்கு இந்திரா காந்தி சாவியைக் கொடுத்தார். தம் ஃபியட்டை விற்றுவிட்டு மாருதிக்குப் பதிவு செய்தவர் அவர். விலை சுமார் 50,000 ரூபாய்.

மாருதி 800 என்ன செய்தது என்பதைப் புரிந்துகொள்ள எடையைப் பார்க்க வேண்டும். அம்பாசடர் ஒரு டன்னுக்கு மேல்; எஞ்சின் திறன் சுமார் 50 குதிரைத் திறன். டன்னுக்கு 45-ஐயும் தொடாது. மாருதியின் மூன்று சிலிண்டர், 796 சி.சி. எஞ்சின் 40-ஐ ஒட்டிய திறனையே தந்தது. ஆனால் வண்டியின் எடை 650 கிலோ அளவுதான். டன்னுக்கு 60. பாதி அளவு எஞ்சினோடு வந்த பொடி வண்டி சிக்னலில் அம்பாசடரைப் பின்னால் விட்டுவிட்டுப் போனதற்குக் காரணம் இந்த எளிய வகுத்தல்தான். எஞ்சினைக் குறுக்கே வைத்து முன்சக்கரத்தையே இயக்கும் அமைப்பை 1959-இல் பிரிட்டிஷ் மினியில் அலெக் இசிகோனிஸ் நிலைநாட்டியிருந்தார். உலகம் கால் நூற்றாண்டாக அனுபவித்த அந்தச் சௌகரியம் இந்தியருக்கு மாருதி வழியாக வந்தது. சக்கரங்கள் நான்கு மூலையில், ஸ்டீயரிங் இரண்டு விரலுக்கு அடங்கும், கியர் தரையில், கிளட்ச் பஞ்சு. அதைவிட முக்கியம், குளிர்காலக் காலையில் முதல் திருப்பலிலேயே கிளம்பியது.

வயதானவர்கள் முதலில் நம்பவில்லை. தகரம் மெல்லியது, விபத்தில் நசுங்கிவிடும், பொம்மை வண்டி என்றார்கள். பேச்சில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் ஓட்டிப் பார்த்தவர்கள் திரும்பிப் போகவில்லை. குறிப்பாகப் பெண்கள். அம்பாசடரின் சக்கரத்தைத் திருப்பத் தேவைப்பட்ட தோள் வலு, நெடுங்காலம் பல வீடுகளில் ஓட்டுவது ஆண் வேலை என்பதற்குச் சாக்காக இருந்தது. 800 அந்தச் சாக்கை எடுத்துவிட்டது. அரசு அலுவலகங்களில் பணியாற்றிய பெண்கள் தாமே ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போவது 1980-களின் பிற்பகுதியில் தில்லியின் சாதாரணக் காட்சியாயிற்று. 1986-இல் உருவம் மாறி, 2014 ஜனவரியில் உற்பத்தி நிற்கும்வரை, ஏற்றுமதியும் சேர்த்து 28 லட்சத்துக்கு மேற்பட்ட 800-கள் வெளிவந்தன.

அதே ஆண்டுகளில் வந்த மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1984-இன் கான்டெசா சோபா போன்ற இருக்கையும் அம்பாசடரின் எஞ்சினும் கொண்டு வந்து, இசுசூ எஞ்சின் வரும்வரை மூச்சு வாங்கியது. 1985-இன் பிரீமியர் 118 என்.இ., ஃபியட் 124-இன் உடலில் நிசான் எஞ்சின். ஓட்ட நல்லது, பழையது. அதே ஆண்டு சென்னையிலிருந்து வந்த ஸ்டாண்டர்டு 2000, பிரிட்டிஷ் ரோவரின் அழகான உடலுக்குள் பல பத்தாண்டு பழைய எஞ்சினை வைத்து, சில ஆண்டுகளில் நிறுவனத்தின் கார்க் கதையையே முடித்தது. மாருதி ஜிப்ஸி மட்டும் வேறு ரகம். நான்கு சக்கர இயக்கம், கட்டை போன்ற சஸ்பென்ஷன், திறந்த தலை. போலீஸும் ராணுவமும் வாங்கின. மலைப் பாதைப் பந்தயக்காரர்கள் அதைக் கொண்டாடினார்கள். தில்லிச் சாலையில் அதை ஓட்டினால் இடுப்பு வலிக்கும். இருந்தும் ஆசைப்பட்டவர்கள் உண்டு.

1993-இல் கார்த் தொழிலுக்கு உரிமம் தேவை என்ற விதி நீங்கியது. அதே ஆண்டு மாருதி ஜென் வந்தது. ஓட்டும் இன்பம் என்ற ஒரே அளவுகோலை வைத்தால், இந்தியாவில் செய்த சம்பளக்காரர் கார்களில் முதல் மாலை இதற்குத்தான் போட வேண்டும். முழுக்க அலுமினியத்தால் ஆன 993 சி.சி. எஞ்சின், 50 குதிரைத் திறன், ஐந்து கியர், சுமார் 730 கிலோ எடை. டன்னுக்கு 70-ஐ நெருங்கும் கணக்கு. எண்கள் இன்றைக்கு அற்பம். ஆனால் கூரை தாழ்ந்து, இருக்கை தரையோடு ஒட்டி, பவர் ஸ்டீயரிங் இல்லாத சக்கரத்தின் வழியே சாலையின் ஒவ்வொரு சொரசொரப்பும் உள்ளங்கைக்கு வரும். எஞ்சினை உயர் சுழற்சிவரை இழுத்தால் பாடும். மணிக்கு அறுபதில் போகும்போதே வேகமாகப் போவதாகத் தோன்றும். மெதுவான காரை விரட்டி ஓட்டுவது, வேகமான காரை அடக்கி ஓட்டுவதைவிட மகிழ்ச்சி தரும் என்று உலகெங்கும் கார்ப் பித்தர்கள் சொல்வதற்குத் தில்லிச் சான்று ஜென்தான். அதே வண்டி ஆல்ட்டோ என்ற பெயரில் ஐரோப்பாவுக்கும் போனது. 1994-இன் எஸ்டீம் 1.3 லிட்டர், 65 குதிரைத் திறனோடு வந்து, டிக்கி வைத்த குடும்பக் காரும் பந்தயத்தில் ஓடலாம் என்று காட்டியது. தேசிய ராலிகளில் அது பல ஆண்டு ஆண்டது.

நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் பார்வை மறுபடி தமிழகம் பக்கம் திரும்பியது. 1998-இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோவை அனுப்பியது. உயரமான, பார்க்கச் சுமாரான, ஓட்ட எளிய வண்டி. அதே ஆண்டு திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் மிட்சுபிஷி லான்சரைச் செய்தது. 1999-இல் மறைமலை நகரிலிருந்து ஃபோர்டு ஐகான். ஹெரால்டு முடிக்காமல் விட்ட வேலையை முடித்தது ஐகான் என்று சொல்லலாம். அதன் 1.6 லிட்டர் எஞ்சின் 90-ஐத் தாண்டிய குதிரைத் திறனைத் தந்தது. அதைவிட, வளைவில் காட்டிய உறுதியும் ஸ்டீயரிங்கின் நேர்மையும் அந்த விலையில் இந்தியர் கண்டிராதவை. நொய்டாப் பக்கம் தயாரான ஹோண்டா சிட்டியின் வி-டெக் எஞ்சின் 106 குதிரைத் திறன். உயர் சுழற்சியில் அது எழுப்பும் குரலுக்கே ரசிகர்கள் இருந்தார்கள். 2001-இல் வந்த ஃபியட் பாலியோவின் 1.6, இரும்புத் தூண் போல நிலையாக ஓடும். மைலேஜ் கேட்டால் சொந்தக்காரர் பேச்சை மாற்றுவார். மைலேஜ் குறைந்த கார் இந்தியாவில் எவ்வளவு நன்றாக ஓடினாலும் விற்காது என்பதற்கு அது பாடப்புத்தக உதாரணம்.

ஓட்டும் அனுபவத்தை எஞ்சினியர்கள் மாற்றியதைவிட நீதிமன்றம் கூடுதலாக மாற்றியது. தில்லியின் காற்று மாசு குறித்து வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், 1999 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தலைநகர்ப் பகுதியில் புதிய கார்களுக்கு அந்த ஜூன் முதல் யூரோ 1, அடுத்த ஆண்டு ஏப்ரல் முதல் யூரோ 2 விதிகளை நிர்பந்தித்தது. கார்புரேட்டரால் அந்த அளவுக்குள் அடங்க முடியாது. எம்.பி.எஃப்.ஐ. என்ற எரிபொருள் ஊசிமுறை ஒரே ஆண்டுக்குள் 800 உட்பட எல்லாக் கார்களுக்கும் வந்தது. சோக் குமிழ் மறைந்தது. குளிர்காலக் காலைத் தள்ளு ஸ்டார்ட் வழக்கொழிந்தது. தொடர்ந்து பவர் ஸ்டீயரிங், ஏ.சி., பிறகு தானியங்கி கியர் எல்லாம் சாதாரணமாயின. சக்கரத்தில் கை உணர்ந்த சாலை மெல்ல மெல்ல மறைந்தது. 2005-இன் ஸ்விஃப்ட் அந்த உணர்வில் ஓரளவைத் தக்கவைத்த சில கார்களில் ஒன்று.

வேகத்துக்கென்று ஒரு மேடை 2011-இல் கிரேட்டர் நொய்டாவில் திறந்தது. அக்டோபர் 30 அன்று நடந்த முதல் இந்திய ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன் ஓடி, 17-ஆவதாக முடித்தார். மூன்றே ஆண்டில் அந்தப் பந்தயம் வராமல் போனது. லக்ஷ்மிபாய் நகர்ப் பக்கத்தில் அதற்குள் வேறு போட்டி சூடு பிடித்திருந்தது: நிறுத்த இடம். சைக்கிளை மனதில் வைத்துக் கட்டிய சந்துகளில் இரு பக்கமும் கார்கள். மாலை தாமதமாக வருபவருக்கு ஓட்டும் சுகமெல்லாம் நிறுத்துவதில் கரைந்துவிடும். பக்கத்துச் சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர்களை இடித்து அடுக்ககங்களாகக் கட்ட 2016-இல் மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. ஆயிரக்கணக்கான மரங்கள் போகும் என்ற எதிர்ப்பு 2018-இல் உயர் நீதிமன்றம்வரை போய்ப் பணியை நிறுத்தி வைத்தது.

இத்தனை வண்டிகளில் தில்லிச் சாலையில் இன்று எவை மிச்சம் என்பதைத் தீர்மானிப்பது சட்டம். 10 ஆண்டு கடந்த டீசல், 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகள் தலைநகர்ப் பகுதியில் ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014, 2015-களில் சொன்னதை 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. பழைய ஜென்களும் எஸ்டீம்களும் ஐகான்களும் தடையின்மைச் சான்றோடு வேறு மாநிலங்களுக்குப் போயின. போக முடியாதவை மாயாபுரியின் பழைய இரும்புக் கடைகளுக்கு. 2025 ஜூலையில் பழைய வண்டிக்குப் பெட்ரோல் போடக் கூடாது என்ற ஏற்பாடு வந்து, எதிர்ப்பில் சில நாட்களிலேயே கைவிடப்பட்டது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வயதைக் காரணம் காட்டிக் கட்டாய நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று இடைக்கால உத்தரவிட்டது.

மிகப் பழையவற்றுக்கு மட்டும் தனி வழி இருக்கிறது. ஸ்டேட்ஸ்மன் நாளிதழ் 1964 முதல் தில்லியில் நடத்திவரும் பழங்கார் அணிவகுப்பில் ஓடும் வண்டிகளைப் போல, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, மூல வடிவம் மாறாமல் இருக்கும் வாகனங்களை ‘விண்டேஜ்’ என்று பதிவு செய்யலாம் என்று 2021 ஜூலையில் மத்திய அரசு விதி செய்தது. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும். கண்காட்சி, அணிவகுப்பு, பராமரிப்பு போன்றவற்றுக்கு எடுத்துச் செல்லலாம். அன்றாடம் அலுவலகத்துக்கு ஓட்ட முடியாது. இந்தக் கணக்கில் சாஸ்திரி காலத்து ஃபியட்டும் சென்னையின் ஹெரால்டும் இப்போதே தகுதி பெற்றுவிட்டன. முதல் மாருதி 800-களுக்கு அது 2033 டிசம்பரில் வரும். 1993-இல் பதிவான ஜென்னுக்கு 2043-இல்.